நல்ல மல்லாட்டை சந்தைக்கு, சொத்தை நம் வீட்டுக்கா?

ஆடிப் பட்டத்தில் விதைத்த மல்லாட்டையைப் பிடுங்கும் நாளும், வடகிழக்குப் பருவமழை இறங்கும் நாளும் திருவண்ணாமலை மாவட்டத்தில் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. பிடுங்கிய கொடி வயலில் கிடக்கும்போது மழை பிடிக்கும். காயை ஆய்ந்து களத்தில் கொட்டினால் மூடாக்குப் போடும். இரண்டு மூன்று நாள் குவியலாகக் கிடந்த காயை, வெயில் தலைகாட்டியதும் பரப்பிக் காயவைத்து அவசரமாக மூட்டை பிடிக்கிறோம். வியாபாரி வருகிறார். திரட்சியான, வெளுப்பான காய் வண்டி ஏறுகிறது. கறுத்த காய், சொத்தை, முளைவிட்டது, ஓடு உடைந்தது எல்லாம் ஒதுக்கப்பட்டு வீட்டின் ஒரு மூலையில் சேர்கிறது.

அந்த மூலை மூட்டை பிறகு எங்கே போகிறது? இந்த மாவட்டத்து விவசாயிகளுக்குப் பதில் தெரியும். ஒரு பங்கு செக்குக்குப் போய் வீட்டு எண்ணெயாகத் திரும்புகிறது. அதன் புண்ணாக்கு மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. ஒரு பங்கு வறுத்து, இடித்து, வெல்லம் சேர்த்துப் பிள்ளைகளுக்கு உருண்டையாகிறது. இன்னொரு பங்கு சட்னியாகிறது. வாங்குபவர் வேண்டாம் என்று தள்ளியதை நாமும் நம் பிள்ளைகளும் நம் மாடுகளும் சாப்பிடுகிறோம். 'வீணாக்கக் கூடாது' என்ற நல்ல எண்ணத்தில்தான் இதைச் செய்கிறோம். ஆனால் மல்லாட்டை விஷயத்தில் இந்தச் சிக்கனம் ஆபத்தானது. ஏன் என்று சொல்வதும், இதற்கு யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பதும்தான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

பூஞ்சாணம் செய்யும் நஞ்சு

நஞ்சு என்றதும் நம் நினைவுக்கு வருவது பூச்சிமருந்து டப்பா. மல்லாட்டையில் வரும் நஞ்சை யாரும் தெளிப்பதில்லை. ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற பூஞ்சாணம் நம் செம்மண்ணிலேயே இருக்கிறது. காய் ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தால் அது பருப்பில் வளர்ந்து, அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் பருப்பின் மேல் படியும் பொடியைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் இந்தப் பூஞ்சாணம். மக்காச்சோளம், பருத்திக்கொட்டை, கொப்பரை, மிளகாய் வற்றல் ஆகியவற்றிலும் இது வரும். ஆனாலும் மல்லாட்டை அதற்கு மிகவும் பிடித்த இடங்களில் ஒன்று.

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தேடிப் பார்த்தபோது, பிரேசிலில் இருந்து வந்த கடலைப் புண்ணாக்கு கலந்த தீவனம்தான் காரணம் என்று தெரிந்தது. அஃப்ளாடாக்ஸின் உலகுக்கு அறிமுகமானது அப்படித்தான்.

மனிதர்களைக் கூட்டமாகக் கொன்ற சம்பவம் நம் நாட்டிலேயே நடந்தது. 1974 இறுதியில் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் பழங்குடி கிராமத்து மக்களுக்கு மஞ்சள் காமாலை கண்டது, வயிறு வீங்கியது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அறுவடை நேரத்தில் பெய்த பருவம் தவறிய மழையில் நனைந்து, சரியாகக் காயாமல் பூஞ்சாணம் பிடித்த மக்காச்சோளம்தான் அவர்களுடைய உணவு. அந்த வீடுகளில் அதே உணவைத் தின்ற நாய்களும் செத்தன. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அஃப்ளாடாக்ஸினை அடையாளம் கண்டார்கள். அந்த மக்களும் 'வீணாக்கக் கூடாது' என்றுதான் சாப்பிட்டார்கள். அவர்களுக்கு வேறு உணவும் இல்லை.

இப்படி ஒரே நேரத்தில் பலரைச் சாய்ப்பது அரிது. இந்த நஞ்சு பெரும்பாலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பல ஆண்டுகள் உடம்புக்குள் போகிறது. அது தாக்குவது கல்லீரலை. உலக சுகாதார அமைப்பின் கீழ் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களின் முதல் பிரிவில் அஃப்ளாடாக்ஸினை வைத்திருக்கிறது. ஹெபடைடிஸ் பி கிருமி உடம்பில் உள்ளவருக்கு ஆபத்து பல மடங்கு கூடுகிறது. அந்தக் கிருமிக்கான தடுப்பூசியைக் குழந்தை பிறந்ததுமே அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடுகிறார்கள். அதைத் தவறவிடாமல் இருப்பதும் இந்த நஞ்சிலிருந்து பாதுகாப்புதான்.

வேகவைத்தால் போகாதா?

'வறுத்தால் போய்விடும், கொதிக்க வைத்தால் செத்துவிடும்' என்று நினைப்பவர்கள் அதிகம். பூஞ்சாணம் சாகும். அது விட்டுச் சென்ற நஞ்சு அடுப்புச் சூட்டில் முழுமையாக அழியாது. கழுவினாலும் போகாது. மேலே உள்ள பொடியைத் துடைத்துவிட்டால் பருப்பு சுத்தமாகத் தெரியும். நஞ்சு உள்ளேதான் இருக்கும்.

அளவைப் பாருங்கள். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி, மேற்கொண்டு பக்குவப்படுத்துவதற்கான கடலையில் கிலோவுக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் அஃப்ளாடாக்ஸின் இருக்கக் கூடாது. நேரடியாக உண்பதற்கு என்றால் 10 மைக்ரோகிராம். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பத்து டன் ஏற்றிய ஒரு லாரி மல்லாட்டை முழுவதிலும் சேர்த்து 0.15 கிராம் நஞ்சு இருந்தாலே 15 என்ற வரம்பைத் தொட்டுவிடும். ஐரோப்பிய நாடுகள் நேரடியாக உண்ணும் கடலைக்கு 4 மைக்ரோகிராம்தான் அனுமதிக்கின்றன. 2025 செப்டம்பரில் இந்தோனேசியா, அஃப்ளாடாக்ஸினைக் காரணம் காட்டி இந்தியக் கடலை இறக்குமதியைத் தற்காலிகமாக நிறுத்தியது. வெளிநாட்டார் வேண்டாம் என்றால் விலை இறங்குகிறது. நம் வீட்டுப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் தின்கிறது.

இந்த நஞ்சுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது மூட்டை முழுவதும் சீராகப் பரவியிருக்காது. ஆயிரம் பருப்பில் ஒன்றிரண்டு பருப்பிலேயே மிக அதிகமாகக் குவிந்திருக்கும். அந்த ஒன்றிரண்டு பெரும்பாலும் கறுத்த, சுருங்கிய, உடைந்த பருப்பாகத்தான் இருக்கும். அதனால்தான் பொறுக்கி எடுப்பதற்கு இவ்வளவு பலன் இருக்கிறது. அதனால்தான் பொறுக்கி எடுத்ததைத் தின்பது இவ்வளவு ஆபத்து. சந்தைக்காக நாம் செய்யும் தரம்பிரிப்பு, நஞ்சை ஒரு பக்கமாகக் கூட்டிச் சேர்க்கும் வேலையாகவும் இருக்கிறது. கூட்டிச் சேர்த்ததை வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கிறோம்.

பாலிலும் வருகிறது

திருவண்ணாமலை மல்லாட்டைக்கு மட்டும் பேர்போன மாவட்டம் இல்லை. இங்கே ஊருக்கு ஊர் பால் சங்கம் இருக்கிறது. பசு தின்ற தீவனத்தில் உள்ள அஃப்ளாடாக்ஸினில் 100-க்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரை, எம்-1 என்ற வடிவில் பாலில் இறங்குகிறது. அதிகப் பால் கறக்கும் மாட்டில் இது 6 பங்கு வரையும் போகலாம். பாலைக் காய்ச்சினாலும் இது போகாது.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்து, 2019 அக்டோபரில் முடிவை வெளியிட்டது. கலப்படம்தான் பெரிய பிரச்சினையாக இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அதைவிட அதிகமாக வெளிப்பட்டது அஃப்ளாடாக்ஸின் எம்-1. 368 மாதிரிகளில், அதாவது 5.7 சதவீதத்தில், அது வரம்பைத் தாண்டியிருந்தது. அவற்றில் அதிகபட்சமாக 88 மாதிரிகள் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. இங்கே எடுத்த மாதிரிகள் 551. கணக்குப் போட்டால் ஆறில் ஒன்று. இந்த நஞ்சு பாலில் வந்து சேர்வது தீவனம் வழியாகத்தான் என்று ஆணையமே சொன்னது. இதை யாரும் பாலில் ஊற்றிக் கலக்கவில்லை. கெட்ட தீவனத்தின் வழியே நம் மாடு தந்தது.

ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். கிலோவுக்கு 500 மைக்ரோகிராம் நஞ்சுள்ள புண்ணாக்கை ஒரு பசு தினம் ஒரு கிலோ தின்கிறது என்று வையுங்கள். அதில் 2 சதவீதம் பாலில் இறங்கினால் 10 மைக்ரோகிராம். எட்டு லிட்டர் பால் என்றால் லிட்டருக்கு 1.25 மைக்ரோகிராம். அனுமதிக்கப்பட்ட அளவு 0.5 மட்டுமே. மாட்டுக்கும் கேடுதான். தீவனம் எடுப்பது குறையும், பால் குறையும், சினை பிடிப்பதில் சிக்கல் வரும். கோழிக்குஞ்சும் வாத்தும் இதைவிட வேகமாகப் பாதிக்கப்படும்.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. கெட்ட தீவனத்தை நிறுத்திய மூன்று நான்கு நாட்களில் பாலில் இந்த நஞ்சு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. இன்று மாலை நீங்கள் எடுக்கும் முடிவு இந்த வாரத்துக்குள் பாலில் தெரியும்.

குற்றம் விவசாயி மேல் மட்டுமா?

இங்கே விவசாயியைக் குறைசொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது எளிது. அது நியாயம் ஆகாது. காயை நன்றாகக் காயவைத்தால் அவருக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள்.

பிடுங்கும்போது காயில் 35 முதல் 50 சதவீதம் வரை ஈரம் இருக்கும். பாதுகாப்பாக வைக்க அது 8 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். 15 சதவீத ஈரத்தோடு ஒரு குவிண்டால் காய் வைத்திருப்பவர், அதை 8 சதவீதத்துக்குக் காயவைத்தால் கையில் மிஞ்சுவது சுமார் 92.4 கிலோ. ஏழரை கிலோ எடை ஆவியாகிவிட்டது. கிலோ 70 ரூபாய் என்று வைத்தால், ஈரக்காய் விற்றவருக்கு 7,000 ரூபாய். காயவைத்தவருக்கும் அதே 7,000 கிடைக்க வேண்டுமானால், கிலோ 75 ரூபாய் 75 காசுக்குக் குறையாமல் விலை வேண்டும். காயவைத்த கூலி, தார்ப்பாய், இரவு காவல் எல்லாம் தனி. கமிட்டியிலோ கமிஷன் மண்டியிலோ இந்த வித்தியாசத்தைக் கணக்குப் பார்த்து யாராவது கொடுக்கிறார்களா? கையில் அள்ளிக் குலுக்கிப் பார்த்து, ஒரு காயை உடைத்துக் கடித்துப் பார்த்து, விலை சொல்கிறார்கள். அனுபவசாலியின் பல்லை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பல்லுக்கு ரசீது கிடையாது.

நெல்லோடு ஒப்பிடுங்கள். நேரடி கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் என்பது தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போகாத விவசாயிக்கும் தெரியும். அங்கே கருவி இருக்கிறது, எண் தெரிகிறது, அதற்காகப் போராட்டமே நடக்கிறது. மல்லாட்டைக்கு 8 என்ற எண் எத்தனை பேருக்குத் தெரியும்? குறைந்தபட்ச ஆதரவு விலைக் கொள்முதலுக்கான தர அளவில் அந்த எண் இருக்கிறது. ஆனால் இங்கே பெரும்பாலான மல்லாட்டை அந்த வழியாக விற்பதே இல்லை. அதனால் அந்த எண் ஊருக்குள் வரவில்லை. நெல்லில் ஈரம் கூடினால் எடையும் அரிசியும் கெடும். மல்லாட்டையில் ஈரம் கூடினால் நஞ்சு ஊறும். எது முக்கியமோ அதற்கு எண் இல்லை.

உங்கள் கையில் இருப்பவை

அரசு செய்ய வேண்டியது அப்புறம். இந்தப் பருவத்திலேயே நீங்கள் செய்யக்கூடியவை இருக்கின்றன. பெரிய செலவும் இல்லை.

வயலில்: விதைக்கும்போது கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதையுங்கள். 40-45-ம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணையுங்கள். சுண்ணாம்புச் சத்து கிடைத்தால் ஓடு கெட்டியாகிறது. கெட்டியான ஓடுதான் பூஞ்சாணத்துக்கு முதல் கதவு. மண் அணைத்த பிறகு களைக்கொத்தியைக் கொண்டு கிளறாதீர்கள். கொத்துப்பட்ட காய்க்குள் பூஞ்சாணம் சுலபமாக நுழைகிறது. கடைசி ஒரு மாதம் வறட்சியில் பயிர் வாடினால் மண்ணுக்குள் இருக்கும்போதே நஞ்சு தொடங்கிவிடும். கிணற்றில் தண்ணீர் இருந்தால் அப்போது ஒரு பாசனம் கொடுங்கள். மார்கழிப் பட்டத்து இறவைப் பயிருக்குக் காயவைக்க வெயில் குறைவில்லை. அங்கே இந்தக் கடைசிப் பாசனம்தான் கவனிக்க வேண்டியது.

பிடுங்கும்போது: பத்துக் காயை உடைத்தால் ஏழெட்டுக் காயில் ஓட்டின் உட்புறம் கறுத்திருந்தால் பிடுங்கலாம். அதற்கு மேல் மண்ணில் விட்டால் முற்றிய காய் அறுந்து தங்கும், கரையான் அரிக்கும். பிடுங்கிய செடியைக் காய் மண்ணில் படாமல் மேலே பார்க்கும்படி வரிசையாகக் கவிழ்த்துப் போடுங்கள். காற்றும் வெயிலும் படும். ஈரக்கொடியைப் பெரிய போராகக் குவிக்காதீர்கள். குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தால் சூடு தெரியும். அந்தச் சூட்டில்தான் பூஞ்சாணம் வளர்கிறது.

களத்தில்: மண் தரையில் கொட்டாமல் தார்ப்பாயிலோ சிமெண்ட் களத்திலோ மெல்லியதாகப் பரப்புங்கள். மாலையில் கூட்டி மூடுங்கள். காலையில் பனி போனதும் திறங்கள். காய்ந்ததா என்று பார்க்க வீட்டு வழி இருக்கிறது. காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று பேச வேண்டும். பருப்பை விரலால் தேய்த்தால் தோல் உரிய வேண்டும். கடித்தால் வளையாமல் நொறுங்க வேண்டும். இரண்டு மூன்று உழவர் குழுக்கள் சேர்ந்து ஒரு ஈரப்பதமானி வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது.

மழை விடாமல் பிடித்துக்கொண்டால்? 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை இந்த மாவட்டத்தை என்ன செய்தது என்று யாரும் மறந்திருக்க மாட்டோம். மலைச்சரிவில் மண் சரிந்து உயிர்கள் போயின. தென்பெண்ணைக் கரை ஊர்கள் நீரில் நின்றன. அப்படிப்பட்ட நாளில் காயைக் காப்பாற்ற முடியாமல் போகலாம். அதற்கு யாரும் உங்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வெள்ளத்தில் ஊறிய காயையும் தீவனத்தையும் காயவைத்து மாட்டுக்குப் போடுவதை மட்டும் தவிருங்கள். போன பொருளுக்குப் பின்னால் மாட்டையும் அனுப்ப வேண்டாம்.

மூட்டையில்: பருப்பாக உடைத்து வைப்பதைவிடக் காயாக வைப்பது பாதுகாப்பு. பலகை மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குங்கள். உடைக்கும்போது பருப்பு நொறுங்காமல் இருக்கக் காயில் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் இருக்கிறது. பாடுபட்டுக் காயவைத்ததை ஒரு குடம் தண்ணீரில் கெடுக்கும் வேலை அது. தெளித்தே ஆக வேண்டும் என்றால் உடைத்த பருப்பை அன்றே மறுபடி காயவையுங்கள். உடைக்கும் இடத்தில் கிளம்பும் தூசியிலும் பூஞ்சாணம் இருக்கும். வேலை செய்யும் பெண்கள் முகத்தைத் துணியால் மூடிக்கொள்வது நல்லது.

வீட்டில்: சட்னிக்கோ உருண்டைக்கோ எடுக்கும் கடலையை முறத்தில் பரப்பி, கறுத்ததையும் சுருங்கியதையும் பூஞ்சாணம் பூத்ததையும் எடுத்துவிடுங்கள். குழந்தைக்குச் சத்துமாவு அரைக்கும்போது கடலை சேர்த்தால் இந்த வேலையை இரண்டு முறை செய்யுங்கள். வாயில் போட்ட கடலை கசந்தாலோ காறினாலோ துப்பிவிட வேண்டும் என்று பாட்டிமார் சொன்னதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். கிரிவலப் பாதையில் வேகவைத்த மல்லாட்டை விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மண்ணிலிருந்து வந்த பச்சைக் காயைக் குவித்து வைக்காமல் அன்றே கழுவி வேகவைத்து, அன்றே விற்றுவிடுங்கள். மிஞ்சியதை மறுநாள் புதிதோடு கலக்காதீர்கள். தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் வரும் லட்சக்கணக்கானவர்கள் இந்த ஊர் மல்லாட்டையை நம்பி வாங்குகிறார்கள்.

தொழுவத்தில்: பூஞ்சாணம் பூத்த புண்ணாக்கு, கட்டிதட்டிய தவிடு, முக்கல் வாடை அடிக்கும் மக்காச்சோளம் எதுவும் மாட்டுக்கு வேண்டாம். ஒரு மாதத்துக்கு மேல் புண்ணாக்கு வாங்கிச் சேர்க்காதீர்கள், மழைக்காலத்தில் இன்னும் குறைவாக வாங்குங்கள். கடையில் வாங்கும் கலப்புத் தீவனத்தில் அஃப்ளாடாக்ஸின் பி-1 கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. மூட்டையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தீவனத்தில் நஞ்சைப் பிடித்துவைக்கும் கலவைகளும் கிடைக்கின்றன. அவற்றைக் கால்நடை மருத்துவரைக் கேட்டுச் சேர்க்கலாம். கெட்ட தீவனத்தைத் தைரியமாகப் போடுவதற்கு அவை அனுமதிச் சீட்டு ஆகாது.

அப்படியானால் அந்த மூலை மூட்டையை என்ன செய்வது? குப்பைக் குழியில் போட்டு நன்றாக மக்கவிட்டு, மல்லாட்டை போடாத வயலுக்கு எருவாக இடலாம். மல்லாட்டை வயலுக்கே போட்டால் பூஞ்சாணத்துக்கு நாமே விதை தூவியது போல ஆகும். இதில் சில நூறு ரூபாய் இழப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. கல்லீரலுக்கு வைத்தியம் பார்த்த குடும்பத்தைக் கேட்டுப் பாருங்கள், இந்த இழப்பு பெரிதா சிறிதா என்று சொல்வார்கள்.

'தாத்தா காலத்தில் தின்னவில்லையா?'

இதைச் சொன்னால் வரும் முதல் கேள்வி இது. தின்றார்கள். அன்று யார் எதனால் இறந்தார்கள் என்று கண்டுபிடிக்க வழி இல்லை. காமாலை என்றார்கள், வயிற்றுக்கட்டி என்றார்கள். 1960-க்கு முன் இந்த நஞ்சுக்குப் பெயரே இல்லை. பெயர் இல்லாததால் நஞ்சு இல்லாமல் போய்விடாது.

இரண்டாவது கேள்வி செக்கெண்ணெய் பற்றியது. 'ரீபைண்டு வேண்டாம், செக்கில் ஆட்டியதே நல்லது' என்று பட்டணத்துக்காரர்களும் தேடி வருகிறார்கள். இந்த மாவட்டத்துக்கு அது நல்ல வருமானம். அதைக் கெடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். ஆலையில் காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும்போது எண்ணெயில் உள்ள அஃப்ளாடாக்ஸின் நீங்கிவிடுகிறது. செக்கில் அந்தக் கட்டம் கிடையாது. நஞ்சின் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கினாலும், ஒரு பங்கு எண்ணெயில் வரும். ஆகவே செக்கெண்ணெய்க்கு ஒரே பாதுகாப்பு செக்கில் போடும் பருப்புதான். விற்பதற்கு ஆட்டும் முதல் தரப் பருப்பையே வீட்டுக்கும் ஆட்டுங்கள். 'சுத்தமான செக்கெண்ணெய்' என்று பலகை வைப்பவர்கள், பருப்பைப் பொறுக்கித்தான் ஆட்டுகிறோம் என்று காட்டவும் தயாராக இருக்க வேண்டும்.

அரசும் விரிவாக்கப் பணியாளர்களும்

நான்கு காரியங்கள் நடந்தால் போதும், நிலைமை மாறும்.

ஒன்று, மல்லாட்டை வரும் ஒவ்வொரு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலும் ஈரப்பதமானி வைத்து, அந்த எண்ணை எடைச்சீட்டில் எழுத வேண்டும். 8 சதவீதத்துக்கும் அதற்கு மேலும் என்ன விலை வித்தியாசம் என்று பலகையில் போட வேண்டும். இ-நாம் முறையில் தர ஆய்வும் ஓர் அங்கம்தான். கூடுதல் சட்டம் எதுவும் வேண்டாம், இருக்கிற ஏற்பாட்டை மல்லாட்டைக்கும் முழுமையாகப் பயன்படுத்தினால் போதும். காயவைத்தவருக்குக் காசு கிடைக்காதவரை இந்தப் பக்கத்தில் எத்தனை கட்டுரை எழுதினாலும் பலன் பாதிதான்.

இரண்டு, தார்ப்பாயும் உலர்களமும் புரட்டாசிக்குள் கிடைக்க வேண்டும். மழை முடிந்து தையில் வரும் தார்ப்பாய் பொங்கலுக்கு வெல்லம் காயப்போடத்தான் உதவும்.

மூன்று, தீவனத்தையும் பாலையும் சோதிக்கும் வசதி மாவட்டத்துக்குள் இருக்க வேண்டும். முடிவு பால் சங்கத்தின் சுவரில் ஒட்டப்பட வேண்டும். யாரையும் தண்டிப்பதற்காகக் கேட்கவில்லை. எந்தப் புண்ணாக்கு கெட்டது என்று தெரிந்தால் நான்கே நாளில் சரிசெய்துவிட முடியும் என்பதற்காகக் கேட்கிறேன்.

நான்கு, கழிவுக் காயை மனித உணவுக்கும் தீவனத்துக்கும் போகாத வழியில் வாங்கிக்கொள்ள ஓர் ஏற்பாடு வேண்டும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் சேர்த்து வாங்கி எருவாக்கலாம். கிலோவுக்குச் சில ரூபாய் கிடைத்தாலே அந்த மூட்டை சமையலறைக்குப் போகாது.

உதவி வேளாண்மை அலுவலர்களுக்கும் ஆத்மா திட்டப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அத்தியந்தல் சிறுதானிய மையமும் வாழவச்சனூர் வேளாண்மைக் கல்லூரியும் கீழ்நெல்லி வேளாண் அறிவியல் நிலையமும் இந்த மாவட்டத்திலேயே இருக்கின்றன. திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. தொழில்நுட்பத்துக்குக் குறைவில்லை. ஆனால் நாம் பயிற்சி நடத்துவது பெரும்பாலும் ரகம், உரம், பூச்சி பற்றி. பயிற்சிக்கு வருபவர்களும் பெரும்பாலும் ஆண்கள். காயை ஆய்வதும் காயவைப்பதும் பொறுக்குவதும் சமைப்பதும் மாட்டுக்குத் தீவனம் வைப்பதும் பெண்கள். இந்தச் செய்தியை அலுவலகக் கூட்ட அறையில் சொல்வதைவிட, காலையில் பால் ஊற்ற வரும் இடத்திலும் மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்திலும் ஒரு முறத்தில் நல்ல பருப்பையும் கெட்ட பருப்பையும் வைத்துக் காட்டிச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும்.

விவசாயிகளுக்குக் கடைசியாக ஒன்று. இந்த அறுவடையில் மூட்டை பிடித்த பிறகு, வீட்டுக்கென்று வைக்கும் மல்லாட்டையை விற்கும் மூட்டையிலிருந்து எடுத்து வையுங்கள். கழித்துப் போட்ட மூட்டையிலிருந்து எடுக்க வேண்டாம். பத்துக் கிலோவோ இருபது கிலோவோ, அதன் விலை குறைந்தாலும் பரவாயில்லை. ஊருக்கெல்லாம் நல்ல மல்லாட்டை விளைவித்துக் கொடுப்பவர், தன் வீட்டுக்கும் அதையே சாப்பிட வேண்டும்.